ஞாயிற்றுக்கிழமை கடையை விட்டு வந்தவர்

மூசாக்கா இறந்த செய்தி என் காதில் விழுந்தபோது, அது அவரைப் பற்றியது என்று எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். மட்டாஞ்சேரியில் மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால் போகிற ஓடையில் முழங்கால் அளவு இறங்கி நின்று, அடைத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குப்பையைக் கம்பியால் இழுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு மரண அறிவிப்பு வந்தது. அப்துல் கரீம் என்றார்கள். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு கம்பியை இன்னொரு முறை உள்ளே விட்டேன். அரை மணி நேரம் கழித்து என் மனைவி செண்பகம் போனில் அழுதபோதுதான் விளங்கியது. மூசா என்பது அவருடைய வாப்பாவின் பெயர். கடைக்கு அந்தப் பெயர். வாப்பாவுக்குப் பிறகு அந்தக் கடையில் உட்கார்ந்த குற்றத்துக்காக இவருக்கும் அந்தப் பெயர். முப்பது வருஷமாக அவரிடம் ஆட்டிறைச்சி வாங்கியிருக்கிறேன். அவருடைய சொந்தப் பெயரை அவர் செத்த அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நம் குடியிருப்போர் சங்க மலரில் அவரைப் பற்றித் தமிழிலும் ஒரு பக்கம் வர வேண்டும் என்று பேச்சு வந்தபோது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவன் என்றாலும், சந்தில் தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிக்கிற ஆள் நான் ஒருவன்தான். ஒரு பக்கம் என்றார்கள். அது நடக்காது என்று இப்போதே தெரிகிறது.

அவர் கடை வரிசையில் நின்றவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நிற்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சந்தின் வாயில், நீல ஷட்டர் போட்ட கடை. “மூசாக்கா, இன்னைக்கு இளசா?” என்று கேட்டால், “இளசோ? இது உன்கூட ஸ்கூல்ல படிச்சதுடா. எட்டு விசில் வைக்கணும். வேணும்னா நில்லு, வேண்டாம்னா மீன் வாங்கு” என்பார். வரிசையில் ஆறு பேர் நிற்கும்போது, எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். இரண்டு பேர் கழன்றுகொள்வார்கள். “போகட்டும். வாய் பொய் சொன்னா பல்லு கண்டுபிடிச்சிடும்” என்பார். அவருடைய தமிழ் மலையாளத்தில் ஊறியது. என்னுடைய மலையாளம் தமிழில் ஊறியது. இரண்டு பேரும் நடுவில் எங்காவது சந்தித்துக்கொள்வோம்.

எனக்கும் அவருக்கும் வெறும் இறைச்சிப் பழக்கமாக இருந்தது, வேறு பழக்கமாக மாறியது ஒரு ஆட்டினால்.

என் மகள் ரேவதிக்கு எட்டு வயதில் டெங்குக் காய்ச்சல் வந்தது. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல யாரும் வரவில்லை. எங்கள் குடும்பம் என் தாத்தா காலத்திலேயே துப்புரவு வேலைக்கு என்று கொச்சிக்கு வந்துவிட்டது. குலதெய்வம் மாடசாமி மட்டும் தென்காசிப் பக்கத்தில் அங்கேயே தங்கிவிட்டார். அவரை அந்த வராந்தாவிலிருந்து கூப்பிட்டேன். “பிள்ளையைக் குடுத்திரு சாமி, கிடா வெட்டுறேன்” என்றேன். உயிருக்கு உயிர் என்று பேரம் பேசியவன் நான்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ரேவதி இட்லி கேட்டாள்.

வாக்குக் கொடுத்தவன் கிடா வாங்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. கறுப்பாக இருக்க வேண்டும், ஊனம் இருக்கக் கூடாது என்று கேட்டு மூசாக்காவிடம் போனேன். பள்ளுருத்தியில் அவருடைய மனைவி வீட்டிலிருந்து ஒரு குட்டியைக் கொண்டுவந்து தந்தார்.

“நேர்ச்சைக்கா? எங்களுக்கும் உண்டு. ஒண்ணு மட்டும் கேளு முருகேசா. பேர் வைக்காதே. பேர் வச்சா அப்புறம் அது ஆடு இல்லை.”

பெரிதாகத் தலையாட்டினேன். அவர் கடையிலிருந்து என் வீட்டுக்கு நாற்பது அடி. அதற்குள் ரேவதி அதற்குக் குட்டப்பன் என்று பெயர் வைத்துவிட்டாள்.

அவர் அந்தப் பேச்சைச் சும்மா சொல்லவில்லை. வீட்டில் வளர்த்ததை யாராவது கொண்டுவந்து கடை முன்னால் நிறுத்தினால், முதலில் “பேர் உண்டா?” என்று கேட்பார். உண்டு என்றால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார். ஆடு திரும்பினால், “வேற கடை நோக்கு” என்று திருப்பி அனுப்பிவிடுவார். எவ்வளவு வேண்டியவர்கள் வந்தாலும் அதில் மாற்றமில்லை. குட்டப்பன் விஷயத்தில் இன்னொன்றும் செய்தார். காலையில் ரேவதி அவனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சந்திலிருந்து வெளியே வரும்போது, கடையில் தொங்குகிறவற்றை மறைத்து ஒரு கோணிச் சாக்கை இழுத்துவிடுவார். அவர்கள் தாண்டியதும் சாக்கைத் தூக்கிவிடுவார். நாலு வருஷம் இதைச் செய்தார். ஒருநாள் கேலியாக, “ஆட்டுக்கு என்ன தெரியும் இக்கா?” என்றேன். “ஆட்டுக்குத் தெரியாம இருக்கலாம். எனக்குத் தெரியுமே” என்றார்.

குட்டப்பன் என் காக்கிச் சட்டையின் பையைத் தின்றான். தமிழ்ப் பேப்பரை எனக்கு முன்னால் படித்து முடித்தான். வீட்டில் நான் வாயைத் திறந்தால் யாரும் திரும்ப மாட்டார்கள், அவன் திரும்புவான். ஒவ்வொரு வருஷமும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து ஆள் விட்டார்கள். ஒரு வருஷம் லீவு கிடைக்கவில்லை. ஒரு வருஷம் ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் எனக்கு முதுகுவலி. மூசாக்கா கடையிலிருந்து கத்துவார்: “எந்தாடா, உங்க சாமி இந்த வருஷமும் வெஜிட்டேரியனா?”

ரேவதிக்குப் பதினாலு வயது நடக்கும்போது அது நடந்தது. ஒரு சனிக்கிழமை. அவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அரை மணி நேரம்தானே என்று குட்டப்பனை அவிழ்த்துவிட்டவன் நான். கிடங்குச் சுவரோரம் சிந்திக் கிடந்ததை மேய்ந்துகொண்டிருந்தான். மூட்டை ஏற்ற வந்த லாரி ரிவர்ஸில் வந்தது. சுவருக்கும் லாரிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டான். டிரைவர் மேல் தப்பில்லை. அவர் இறங்கி ஓடிவந்து என்னோடு சேர்ந்து அவனைத் தூக்கினார். முன்பாதி துடித்தது. பின்பாதி நனைந்த துணி மாதிரி தொங்கியது.

ஆட்டோவில் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சின்ன வயது லேடி டாக்டர். தொட்டுப் பார்த்தார், கிள்ளிப் பார்த்தார், விலா எலும்பு மேல் கை வைத்தபோது அவன் அலறினான். வலிக்கு ஒரு ஊசி போட்டார். பிறகு என்னைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னார். “சேட்டா, முதுகெலும்பு முறிஞ்சிருக்கு. இனி எழுந்து நிற்காது. மூத்திரம்கூடத் தானாப் போகாது. வச்சிருந்தா வேதனைதான் மிச்சம். இன்னைக்கே இன்னொரு ஊசி போட்டு விட்டுடலாம். தூங்குற மாதிரி போயிடும்.” ஒரு தாளைக் கொடுத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் மாடசாமி ஞாபகம் வந்தது. அவருக்கென்று விட்ட கிடாவை நான் ஊசி போட்டுக் கொன்றால், கொடுத்த வாக்கு என்ன ஆகும்? எந்த உயிருக்குப் பதிலாக இந்த உயிரைச் சொன்னேனோ, அந்த உயிர் டியூஷனில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. பேனாவை மூடினேன்.

“வீட்டில் கேட்டுட்டு வரேன் டாக்டர்.”

“இந்த மருந்து நாலு மணி நேரம்தான் நிற்கும், சேட்டா. நாளைக்கு இங்கே யாரும் இருக்க மாட்டோம். யோசிச்சுக்கோங்க.”

யோசித்தேன். யோசித்து, குட்டப்பனை அதே ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செண்பகத்திடமும் ரேவதியிடமும், “கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்னு டாக்டர் சொன்னாங்க” என்றேன். வாசலோரம் சாக்கு விரித்துக் கிடத்தினோம். பிறகு ஊருக்குப் போன் போட்டேன். கோயில் பூசை செய்வது என் பெரியப்பா மகன்.

“ஊசி கீசி போட்டுராத டே” என்றார் அண்ணன். “நேந்து விட்ட கிடாலா அது. மஞ்சத்தண்ணி தெளிச்சுப் பாரு. சிலுத்துச்சுன்னா சாமி சரின்னுட்டாருன்னு அர்த்தம். அங்கனையே அவரு பேரச் சொல்லி முடிச்சிரு.”

“சிலுக்கலைன்னா?”

“சிலுக்கலைன்னா காத்துக் கெட. அவரு எடுக்கும்போது எடுக்கட்டும்.”

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிடா வெட்டுவதற்கு முன்னால் அதன் முதுகில் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. உதறும்வரை கத்தி ஓங்க மாட்டார்கள். சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். எனக்கு அதுதான் பிடிமானமாகக் கிடைத்தது. முடிவை நான் எடுக்க வேண்டாம் பாருங்கள்.

மாலை ஆறு மணிக்கு முதல் முறை தெளித்தேன். முதுகில், நடுவில், அண்ணன் செய்வதுபோலவே. சிலிர்க்கவில்லை. ஏழு மணிக்கு மருந்தின் வேகம் இறங்கியது. ஆடு வலியில் கத்தும் என்றுதான் நினைத்திருந்தேன். கத்தவில்லை. பல்லை நெறித்தது. கல்லும் கல்லும் உரசுகிற மாதிரி அந்தச் சத்தம் நிற்காமல் வந்தது. செண்பகம் காதைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். மறுபடி தெளித்தேன். அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. காலையில் பார்த்தபோது அவன் பின்னங்கால்களில் எறும்பு ஏறியிருந்தது. அவன் அதை அறியவில்லை. எறும்பைத் துடைத்துவிட்டு நான் மறுபடி தெளித்தேன். மொத்தம் ஏழு முறை. மஞ்சள் தண்ணீரில் அவன் முதுகு ஊறிப்போய்விட்டது. சாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரேவதி அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பத்தரை மணிக்கு எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

“எனக்கு வேண்டி நேர்ந்ததுதானேப்பா? எனக்கு வேண்டாம்னு நானே சொல்றேன். மாடசாமிகிட்டப் போன் பண்ணிச் சொல்லுங்க.”

“அப்படியெல்லாம் பேசாதே” என்றேன்.

“அப்ப நீங்க அவன் முகத்தை நோக்குங்க. முதுகையே நோக்கிட்டு இருக்கீங்க.”

நான் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். அவள் செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மூசாக்கா கடையை விட்டு இறங்கி வந்தார் என்று சொன்னால், அவரை அறிந்தவர்களுக்கு அது என்ன என்று புரியும். வாரத்தின் பெரிய வியாபாரமே அந்த ஒரு நேரம்தான். முப்பது பேர் வரிசையில் நின்றார்களாம். ரேவதி வரிசைக்கு முன்னால் போய் நின்று அழுதிருக்கிறாள். கத்தியைக் கட்டை மேல் வைத்துவிட்டு, “எல்லாரும் நில்லு, இல்லேன்னா போ” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வந்தவர் நேராக ஆட்டிடம் போகவில்லை. எங்கள் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். ரத்தம் பட்ட சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். பனியனோடு வந்து உட்கார்ந்தார்.

“எந்தாடா இது?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதை மட்டும் ரேவதி இருந்ததால் விட்டுவிட்டேன். அவர் என் கையிலிருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை தடவை தெளிச்சே?”

“ஏழு.”

“எங்கே?”

“முதுகுல. முதுகுலதான் தெளிக்கணும், இக்கா.”

அவர் குட்டப்பனின் பிடரியில் கட்டைவிரலை வைத்து, முதுகுத் தண்டு வழியாக மெதுவாகக் கீழே கொண்டுவந்தார். விலா முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் விரல் நின்றது. அதற்கு அப்பால் தோலைப் பிடித்து முறுக்கினார். எனக்கே வலித்தது. குட்டப்பன் ரேவதியையே பார்த்துக்கொண்டு பல்லை நெறித்துக்கொண்டிருந்தான்.

“முருகேசா, குட்டப்பன் இது வரைக்கும்தான் இருக்கான். இதுக்கு அப்புறம் அவன் இல்லை. ஆளில்லாத இடத்துல நீ தண்ணி தெளிச்சா எங்கனேடா சிலிர்க்கும்?”

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. தெருவில் அடிபட்டுக் கிடக்கிற நாயையும் பூனையையும் அப்புறப்படுத்துவது என் வேலையில் ஒரு பங்கு. முதுகு முறிந்த உயிர் எப்படிக் கிடக்கும் என்று இந்த மட்டாஞ்சேரியில் என்னைவிட அதிகம் பார்த்தவன் எவனும் இருக்க மாட்டான். எனக்குத் தோன்றவில்லை. ஏழு முறையும் தோன்றவில்லை.

அவர் என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினார். விரலை நனைத்து, குட்டப்பனின் முகத்திலும் காதிலும் தெளித்தார். இரண்டு காதும் படபடத்தன. தலையை ஒரு முறை பலமாக உதறினான். தண்ணீர் எங்கள் மேலெல்லாம் பட்டது.

“நோக்கு. உன் சாமிக்கு இது மதியா?”

“மதி, போதும்” என்றேன்.

முகத்தில் தண்ணீர் பட்டால் எந்த ஆடும் தலையை உதறும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு ரேவதி பக்கம் திரும்பினார். “மோளே, அப்பாவோட சாமி சொல்லியாச்சு. நீ இன்னும் சொல்லலை.”

“அவனுக்கு வேதனிக்குமா, இக்கா?”

“கொஞ்சம் உண்டு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப உள்ளதை விடக் குறைவு. சீக்கிரம் முடிஞ்சிடும்.”

அவள் குட்டப்பனின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, “செய்யுங்க” என்றாள்.

“பேர் வச்சதை நீங்க…” என்று நான் இழுத்தேன்.

“வாயை மூடுடா. தலையைப் பிடிக்கணும், இரு.”

கடைக் கத்தியை அவர் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, அவன் காதில் விழாத தூரத்தில் தீட்டினார். முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார். ரேவதியிடம், “நீ பேசிட்டே இரு மோளே. கண்ணை மூடிக்கோ, வாயை மூடாதே. உன் சத்தத்தை அவன் கேட்டுட்டு இருக்கட்டும்” என்றார். அவள் மலையாளத்தில் என்னென்னவோ பேசினாள். நாளைக்கு மார்க்கெட்டிலிருந்து முட்டைக்கோஸ் இலை கொண்டுவருகிறேன் என்றாள். பரீட்சை எப்போது என்று சொன்னாள். நான் தலையைப் பிடித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அவர் மெதுவாகச் சொன்னார்: “திரும்பாதே. அது உன்னை நோக்குது.”

திரும்பினேன். பார்த்தேன். அவர் அவருடைய இறைவன் பெயரைச் சொன்னார். நான் என் சாமி பெயரைச் சொன்னேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. அதற்குப் பிறகு பல்லை நெறிக்கிற சத்தம் இல்லை. அவ்வளவு பெரிய அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இதற்குள் சந்தில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர், பெயர் வேண்டாம், இந்த மலரை அவரும் படிப்பார், “மூசாக்கா, உரிச்சா எல்லாருக்கும் ஆகுமே” என்றார். “ஆகும். உன்னை உரிச்சாலும் ஆகும். வழி விடு” என்றார் மூசாக்கா. தன்னுடைய சாமான் வேனில் குட்டப்பனை ஏற்றினார். எங்கள் சந்தில் ஒரு கோழியைப் புதைக்கக்கூட மண் கிடையாது. பள்ளுருத்தியில், அவன் பிறந்த வீட்டின் பின்புறத்துக்கே கொண்டுபோனோம். தொழிலில் நான் குழி தோண்டுகிறவன் என்று மண்வெட்டியை வாங்கி வீரமாக ஆரம்பித்தேன். இரண்டடியில் தண்ணீர் ஊறியது. தள்ளித் தோண்டினேன், அங்கேயும் தண்ணீர். “ஆட்டைப் புதைக்கத் தோண்டுறியா, கிணறு வெட்டுறியாடா?” என்றார். ரேவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் அவளுக்குச் சரியான அழுகை வந்தது. மேடான ஒரு இடத்தை அவரே தேடிப் பிடித்துத் தோண்டி முடித்தார்.

திரும்பி வரும்போது வண்டியில் மூன்று பேர். ரேவதி நடுவில். பாதி வழியில் கேட்டாள்: “இக்கா, நேத்தே செய்திருக்கலாமா?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மூசாக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இல்லை மோளே. நேத்து நோக்கியிருந்தா நானும் பொறுத்துப் பார்ப்போம்னுதான் சொல்லியிருப்பேன். இன்னைக்குக் காலையிலதான் அவன் நேரம் வந்தது.”

கிழட்டு ஆட்டை ஒரு நாளும் இளசு என்று சொல்லாத வாய் அது.

சந்து வாயில் அவளை இறக்கிவிட்டார். நான் இறங்கப் போனபோது என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“டாக்டர் என்ன சொன்னா?”

சொன்னேன்.

“அப்ப உனக்கு நேத்தே தெரியும்.”

“தெரியும், இக்கா.”

அவர் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. “அவகிட்ட நான் சொன்னது அவளுக்கு வேண்டி. அப்பனை வெறுத்துட்டு வளர வேண்டாம்னு. உனக்கு வேண்டி இல்லை. நேத்து ரெண்டு மணியில இருந்து இன்னைக்குப் பதினொண்ணு வரைக்கும் அதை வச்சிருந்தே. பயந்துதான் வச்சிருந்தே, அது எனக்குத் தெரியும். பிள்ளை உள்ளவன் பயப்படுவான். ஆனா உன் பயத்தை நீ சுமக்கலைடா. ஆட்டைச் சுமக்க வச்சே.”

பிறகு, “போ, குளி” என்று கதவைத் திறந்துவிட்டார். அன்றைக்கு அவர் கடையை மறுபடி திறக்கவில்லை.

நாற்பது நாள் இறைச்சி தொட மாட்டேன் என்று வீட்டில் எல்லார் முன்னாலும் சபதம் போட்டேன். இருபத்தாறாம் நாள் வரிசையில் நின்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றவனைப் பார்த்து, “எங்க வாப்பா மய்யத்தாகி மூணாம் நாள் நான் கடை திறந்தேன். நீ பரவாயில்லை” என்றார். அதற்குப் பிறகு ஆறு வருஷம், அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் என்னிடமோ யாரிடமோ ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணன் ஊரிலிருந்து, வாக்கு இன்னும் பாக்கி என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். ரேவதிக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு இன்னும் அந்த வாக்குதான் ஞாபகம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

கடைசி ஒரு வருஷம் மூசாக்காவுக்குச் சர்க்கரை முற்றிவிட்டது. கால் போயிற்று. கடையைத் தம்பி மகன் பார்த்துக்கொண்டான். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம், “எடா, நானும் இப்ப இது வரைக்கும்தான் இருக்கேன்” என்று தொடையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். வெளியே வந்து ஓடையோரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவேன்.

இதை எழுத ஒத்துக்கொண்ட அன்று எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. ரேவதி இப்போது தேவராவில் காலேஜ் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மலையாளம் தண்ணீராக ஓடும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மூன்று பக்கத் தமிழை அவள் ஒரு நாளும் படித்து முடிக்கப் போவதில்லை. உண்மையைச் சொன்ன மாதிரியும் ஆகும், அவளுக்குத் தெரியாமலும் போகும். நல்ல வசதி. ஆனால் மூசாக்காவைப் பற்றி எழுதும்போது அப்படி ஒரு தந்திரம் செய்ய மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது, எழுதியதை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். டாக்டர் தாளை நீட்டிய இடத்தில் நிறுத்திவிட்டேன். அவளே தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, அந்த வரியைப் படித்தாள்.

“அப்போ சனிக்கிழமையே சொல்லிட்டாங்களா?”

“சொல்லிட்டாங்க.”

“இக்காவுக்கும் தெரியும்?”

“தெரியும்.”

“ரெண்டு பேரும் சேர்ந்து என்னை நல்லாப் பற்றிச்சிட்டீங்க.” ஏமாற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம், கோபம் வந்தால் அவளுக்கு மலையாளம்தான் முதலில் வரும். தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். “இக்கா எனக்கு வேண்டிச் சொன்ன பொய்தானே. அதை நான் விட்டுட்டேன்.”

“என்னை?”

“நீங்க இருக்கீங்க இல்லையா. உங்ககிட்ட மெதுவாப் பேசிக்கிறேன்.”

சாயாகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாள். இதை எழுதி முடிக்கும் இந்த நேரம்வரை போன் வரவில்லை. செண்பகம் சமாதானம் பேசுகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். மாடசாமியையும் கூப்பிடவில்லை. அவள் வருவாளா, எப்போது வருவாள் என்று பயமாகத்தான் இருக்கிறது. மூசாக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்: இந்தப் பயத்தை இந்த முறை நானே சுமக்கிறேன்.